இங்கிலாந்தின் கென்னட் ஏவன் கால்வாயில் வாடகை நேரோபோட் (குறுகலான நீளப் படகு): கோலாலம்பூரிலிருந்து போவோருக்கு

ஏப்ரல் கடைசி அருமையான சமயம். நம்மூர் வெக்கைக்குப் பழகிய உடம்புக்கு ராக்குளிர் தாங்காது. ஹீட்டர் உள்ள படகாகவே கேளுங்கள். கேஸ் அடுப்பு உண்டு, பிரிக்பீல்ட்ஸ் சாம்பார் பொடி போதும்.

டிவைசஸ் ஊர் அருகே 29 லாக்குகள் (நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும், இரு பக்கமும் கதவுள்ள தொட்டிகள்), அதில் 16 ஒரே நேர்கோட்டில். ஒரு நாளை அதற்கே ஒதுக்குங்கள். இறங்கும்போதுதான் ஆபத்து: மேல்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் படகின் பின்பகுதி உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் சரிந்து மூழ்கிவிடும். படகின் பின்பகுதி கரையில் உள்ள குறியீட்டைத் தாண்டி, கீழ்க்கதவுப் பக்கமாக இருக்கும்படி நிறுத்துங்கள். சிக்கினால் உடனே கீழ்மதகை மூடி, மேலிருந்து மெல்ல நீர் விடணும்.

புரொப்பெல்லரில் துணி சுற்றினால் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிய பிறகே புரொப்பெல்லருக்கு மேலே படகுக்குள் இருக்கும் மூடியைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். மூடியை இறுக்காமல் கிளம்பினால் படகுக்குள் தண்ணீர் ஏறும்.