தோல் பந்தா, செயற்கைப் பந்தா?

பழைய இங்கிலாந்து கால்பந்து ஆட்டங்களைப் பார்த்து மனம் லயித்து, நாடா கட்டிய தோல் பந்து வாங்கலாமா, இன்றைய பந்தே போதுமா என்று யோசிப்பவர்களுக்கு.

எடை: பழையது இரும்புக் குண்டு என்பார்கள். ஆனால் 1937 முதல் விதி ஒன்றுதான், ஆட்டம் தொடங்கும்போது இரண்டுமே 410 முதல் 450 கிராம். மழையில் தோல் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் கனம் ஏறும். செயற்கைப் பந்துக்கு அந்தத் தொல்லை குறைவு, 1986 உலகக் கோப்பையிலேயே முழுச் செயற்கைப் பந்து வந்துவிட்டது.

தலையால் முட்ட: ஈரத் தோல் பந்து வேண்டவே வேண்டாம். இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் 59 வயதில் இறந்தார். அந்தப் பந்துகளை முட்டி முட்டியே மூளை பாதிக்கப்பட்டது என்று மரண விசாரணையில் முடிவானது. இன்னும் மனதை அறுக்கிறது.

பராமரிப்பு: தோலுக்குக் கொழுப்பு தடவி நிழலில் காயவைக்க வேண்டும். மற்றதைத் துடைத்தால் போதும்.

அழகு: தோல்தான், சந்தேகமே இல்லை. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் 1953 இறுதியில் 3-1 என்று பின்தங்கியிருந்த பிளாக்பூல் அணி 4-3 என வென்றதே, அதன் வீரர் ஸ்டான்லி மேத்யூஸ் வலது ஓரத்தில் நடத்திய அந்த வித்தை தோல் பந்தோடுதான்!

சரி, அலமாரியில் வைக்கவும் தாத்தாவுக்குப் பரிசளிக்கவும் தோல் பந்து. பிள்ளைகள் மைதானத்தில் ஆட செயற்கைப் பந்து.