கிட்டில் பெயர் மாறிய ஃபைல்களைத் தேடும் வேகம்: ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் எங்கள் வேலை. பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, மின்பதிப்பாக்கிக் கொடுக்கிறோம். எல்லாமே வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள்தான். புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர், அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல் என்று சேர்ந்து இப்போது பல ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அத்தனையும் கிட் ரிப்போவில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் இருக்கின்றன. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கருவி உங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எந்த வரியை யார் எப்போது திருத்தினார் என்ற கேள்வி எங்களுக்குத் தினமும் வரும். அதற்கு நம்பிப் பதில் சொல்ல இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விசேஷம், ஃபைல்களின் பெயர் ஓயாமல் மாறும். பாயிரம் என்று வைத்திருந்ததை முதல் அத்தியாயத்தோடு சேர்ப்பார்கள், பின்னிணைப்பு இரண்டாகப் பிரியும், பதிப்பாளர் கேட்டார் என்று எண்ணிடும் முறையே மாறும். ஒருவர் திருமங்கலத்திலும் இன்னொருவர் மேலூரிலும் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறார்கள். நான் இங்கே ஃபோல்டரை மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கும் அதே வாரம் அவர்கள் பழைய பெயரில் இருக்கும் ஃபைலில் பிழை திருத்திக்கொண்டிருப்பார்கள். பிறகு இரண்டு பக்க மாற்றங்களையும் ஒன்றாக இணைக்க, அதாவது மெர்ஜ் செய்ய வேண்டும். பெயர் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வேகமும் சாமர்த்தியமும் எங்கள் பிழைப்போடு ஒட்டியவை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிட் பெயர் மாற்றத்தை எங்கேயும் குறித்து வைப்பதில்லை. பெயர் மாற்றும் கட்டளையான 'கிட் எம்வி' கொடுத்தாலும் அது பழைய பெயரை நீக்கிப் புதுப் பெயரைச் சேர்ப்பதோடு சரி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை எழுதியபோதே தெரிந்து எடுத்த முடிவு இது. ஒவ்வொரு கமிட்டும், அதாவது நாம் பதிந்து வைக்கும் ஒவ்வொரு சேமிப்பும், அந்த நேரத்து நிலவரத்தின் முழுப் படம். பெயர் மாறியதா என்பதை நாம் டிஃப் (இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம்) கேட்கும்போதோ மெர்ஜ் செய்யும்போதோ அது உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது.

உள்ளடக்கம் ஓர் எழுத்தும் மாறாமல் பெயர் மட்டும் மாறியிருந்தால் வேலை சுலபம். இரண்டுக்கும் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், ஒன்றே; ஃபைலைத் திறக்கக்கூட வேண்டாம். உள்ளேயும் கொஞ்சம் மாறியிருந்தால்தான் தொல்லை. காணாமல் போன ஒவ்வொரு ஃபைலையும் புதிதாக வந்த ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். 500 போய் 500 வந்தால் 2,50,000 ஜோடிகள். 50 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பெயர் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். எங்களிடம் இருப்பவை 4 ஜிபி ராம் போட்ட செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்புகள், அதுவும் சுழலும் ஹார்ட் டிஸ்க். பெரிய அடுக்கு மாற்றத்துக்குப் பிறகு வரும் மெர்ஜ் நிமிடக் கணக்கில் நிற்கும். கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குமா என்பது தனிக் கவலை.

நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் கிட் தேடுவதையே விட்டுவிடும். டிஃப்புக்கு நெடுநாள் 400 என்று இருந்தது. 2021இல் அதை 1000 ஆக்கினார்கள், மெர்ஜுக்கு 7000. 1000 என்றால் ஆயிரத்துக்கு ஆயிரம் ஜோடி வரை பார்க்கும் என்று அர்த்தம். தாண்டிவிட்டால், ஃபைல்கள் அதிகம், தேடலைத் தவிர்த்துவிட்டேன் என்று ஒரு வரி எச்சரிக்கை வரும். அதன் பின்னால் வந்து விழும் நூறு வரிகளில் அதை யார் பார்ப்பது? மேலூர்த் தம்பி திருத்திய அத்தியாயங்களெல்லாம் 'மாடிஃபை/டிலீட்' முரண்பாடாக வந்து நிற்கும். அதாவது ஒரு பக்கம் திருத்தியிருக்கிறார்கள், மறுபக்கம் அழித்திருக்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்கும். "அண்ணே, நான் திருத்தினதெல்லாம் எங்க போச்சு?" என்று போன் வரும். திருத்தம் எங்கேயும் போகவில்லை, பழைய பெயரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைப் புது ஃபைலுக்குக் கையால் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு முழு நாள் வேலை.

இந்த நிலைமை படிப்படியாக மாறியது. 2018இல் வந்த கிட்டின் 2.18 பதிப்பு, ஃபோல்டரே பெயர் மாறியதைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது. நான் ஃபோல்டரின் பெயரை மாற்றியிருக்க, மேலூரில் இருப்பவர் பழைய ஃபோல்டரில் புதிதாக ஒரு அத்தியாயம் சேர்த்திருந்தால் அது தானாகப் புது ஃபோல்டருக்குப் போகும். இப்போதைய பதிப்புகள் புது இடத்தில் வைத்துவிட்டு, சரிதானா பாருங்கள் என்று முரண்பாடாகவும் காட்டும். 'மெர்ஜ்.டைரக்டரிரீநேம்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் கேட்காது. நான் ஆக்கிவிட்டேன்.

பெரிய மாற்றம் 2021இல்தான். எலைஜா நியூரன் என்பவர் மெர்ஜ் பகுதியையே புதிதாக எழுதி, 'ஓஆர்டி' என்று பெயர் வைத்தார். 2.34 பதிப்பிலிருந்து அதுதான் வழக்கமான முறை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ரிப்போவில் 'டிரைவர்ஸ்' ஃபோல்டரை 'பைலட்ஸ்' என்று மாற்றி, சுமார் 26,000 ஃபைல்கள் இடம் பெயர்ந்த நிலையில் 35 பேட்ச்களை (திருத்தங்களை) ரீபேஸ் செய்து, அதாவது புது நிலையின் மேல் ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றி, சோதித்திருக்கிறார்கள். எங்கள் சுமை அதன் பக்கத்திலேயே வராது. ஆனால் அவர் பிடித்த யோசனை எங்கள் வேலைக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது. நான் 600 ஃபைல்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், மேலூரில் ஆறு ஃபைல்களைத்தான் திருத்தியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மறுபக்கம் யாரும் தொடாத 594 ஃபைல்களும் எந்தப் பெயருக்குப் போயின என்று மெர்ஜுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? தேட வேண்டியவை அந்த ஆறு மட்டுமே. பழைய முறை அத்தனையையும் தேடியது. அதோடு, ரீபேஸில் ஒரு கமிட்டுக்குக் கண்டுபிடித்த பெயர் மாற்றத்தை அடுத்த கமிட்டுக்கும் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதே பழைய டெஸ்க்டாப், அதே ஹார்ட் டிஸ்க். நிமிடக் கணக்கு நொடிக் கணக்கானது. வரம்பு எண்ணைத் தேடிப்போய் ஏற்றுகிற பழக்கமே எங்களுக்குப் போய்விட்டது.

2.31 பதிப்பில் இன்னொரு குறுக்கு வழி வந்தது. ஃபோல்டர் மாறினாலும் ஃபைலின் கடைசிப் பெயர் அப்படியே இருந்தால் அந்த ஜோடியை முதலில் பார்க்கும், நன்றாக ஒத்துப்போனால் மற்ற ஜோடிகளுக்குப் போகாது. டிஃப்பில் இது பலிக்க அந்தப் பெயர் தனித்ததாக இருக்க வேண்டும். எல்லா ஃபோல்டரிலும் '01', '02' என்று ஃபைல் இருந்தால் பயன் இல்லை. அத்தியாய எண்ணுக்கு முன்னால் புத்தகக் குறியீடும் சேர்த்துப் பெயரிடுவது இதற்காகவே செய்யத் தக்கது.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, எங்கும் எழுதிப் பார்த்ததில்லை. ஒற்றுமையை அளக்க கிட் ஃபைலைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. வரி முடியும் இடத்தில் அல்லது 64 பைட்டில், எது முதலில் வருகிறதோ அங்கே ஒரு வெட்டு. யூனிகோட் தமிழை யூடிஎஃப்-8இல் சேமித்தால் ஒரு குறிக்கு மூன்று பைட். 'மதுரை' என்ற சொல் மட்டும் 15 பைட். ஆக 64 பைட் என்பது இரண்டு மூன்று சொற்கள்தான். ஒரு பத்தியை முழுக்க ஒரே வரியாக வைத்திருந்தால், தொடக்கத்தில் விட்டுப்போன ஒரு ஒற்றைச் சேர்த்தாலே அந்தப் பத்தியின் எல்லாத் துண்டும் நகர்ந்துவிடும். எல்லாம் புதிது என்று கிட் நினைக்கும். பத்திக்கு ஒன்றாகச் சந்திப் பிழை திருத்திய ஃபைல் 50 சதவீதத்துக்குக் கீழே போய்விடுவது இப்படித்தான். செய்யுள் நூல்களில் இந்தத் தொல்லை கிடையாது, அடிக்கு அடி வரி முறிகிறது. உரைநடையில்தான் படுத்தும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று வைத்தால் தீர்ந்தது.

இன்னொன்று, பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருக்கும் ஃபைல்கள். அவற்றில் ஒன்றான திஸ்கியில் 'மதுரை' நான்கே பைட். யூனிகோடுக்கு மாற்றினால் பைட் ஒவ்வொன்றும் மாறுவதோடு ஃபைலின் அளவும் பெருத்துவிடும். அளவு வித்தியாசம் அவ்வளவு இருந்தால் கிட் உள்ளே திறந்துகூடப் பார்க்காது, ஒரே ஃபைலாக இருக்க வாய்ப்பில்லை என்று தள்ளிவிடும். அதனால் இடம் மாற்றம் ஒரு கமிட், குறியாக்க மாற்றம் வேறு கமிட் என்று பிரிக்கிறோம். ஒரு ஃபைலின் வரலாற்றைக் காட்டும் 'கிட் லாக் --ஃபாலோ' கட்டளை பெயர் மாற்றத்தைத் தாண்டித் தொடர்ந்து போக இது போதும். மெர்ஜுக்குப் போதாது. மெர்ஜ் இடையில் உள்ள கமிட்களைப் பார்ப்பதில்லை. பிரிந்த இடம், இந்தப் பக்கக் கடைசி, அந்தப் பக்கக் கடைசி என்ற மூன்றை மட்டும் ஒப்பிடுகிறது. வெளியில் இருப்பவர்களின் திருத்தங்களை முதலில் வாங்கிச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு குறியாக்கத்தை மாற்றுவதுதான் வழி. இதை எந்தப் பதிப்பும் நமக்காகச் செய்து தராது.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. 'கொ' என்பதை ஒற்றைக் கொம்புக்கால் குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுதான், பைட் வேறு. பழைய மாற்றிகள் சில இரண்டாவது விதத்தில் தரும். அதைச் சரிசெய்து கமிட் செய்தால், 'கொற்கை' என்பது 'கொற்கை' ஆகப் பெயர் மாறியது, ஒற்றுமை 100 சதவீதம் என்று கிட் அறிவிக்கும். 'கோர்.குவோட்பாத்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கியிருந்தால்தான் அதுவும். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயருக்குப் பதில் எண்களும் சாய்கோடுகளும்தான் வரும்.

தவறாகப் பிடிப்பதும் உண்டு. எங்கள் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் நூல் பெயர், மூலப் பதிப்பு, மெய்ப்பாளர் என்று ஒரு முகப்பு இருந்தது. ஒரே ஒரு வெண்பா உள்ள சின்ன ஃபைலில் பாதிக்கு மேல் அந்த முகப்புதான். சம்பந்தமே இல்லாத இரண்டு பாடல்களை அண்ணன் தம்பி என்று கிட் சேர்த்துவைத்தது. மெர்ஜ் செய்யும்போது 'ஃபைண்ட்-ரீநேம்ஸ்' அளவை 80 சதவீதம் ஆக்கினால் குறையும். நாங்கள் முகப்பைப் பிரித்து ஃபோல்டருக்கு ஒன்றாகத் தனி ஃபைலில் போட்டுவிட்டோம்.

நகல் விஷயத்தில் கிட் இன்னும் எனக்குத் திருப்தி இல்லை. டிஃப்பில் '-சி' கொடுத்தால், அதே கமிட்டில் மாறிய ஃபைல்களிலிருந்து நகல் எடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். தொடாத ஃபைலிலிருந்து எடுத்த நகலைக் கண்டுபிடிக்க 'ஃபைண்ட்-காப்பீஸ்-ஹார்டர்' என்று ஒன்று இருக்கிறது. ரிப்போவில் உள்ள அத்தனை ஃபைலையும் மூலமாக வைத்துப் பார்க்கும் என்பதால் எங்கள் மெஷினில் அதை ஓட்ட மனசு வருவதில்லை. மெர்ஜிலோ நகல் என்ற பேச்சே கிடையாது. உரை நூலின் முதல் பதிப்பு ஃபைலை நகலெடுத்து இரண்டாம் பதிப்பைத் தொடங்குவோம். மூலத்தில் ஒரு அச்சுப்பிழையைத் திருத்தினால் அது நகலுக்கும் போக வேண்டும். கிட் போகவிடாது.

இந்த இடத்தில் கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிட்டுக்கு முன்னால் சில காலம் அதில்தான் இருந்தோம். 'எச்ஜி மூவ்', 'எச்ஜி காப்பி' என்று கொடுத்தால் அது எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு பிராஞ்சில் (தனியாகப் பிரிந்து போகும் கிளையில்) நகல் எடுத்து, மறு பிராஞ்சில் மூலத்தைத் திருத்தி, இரண்டையும் சேர்த்தால் திருத்தம் நகலுக்கும் வந்துவிடும். எனக்கு இன்றும் அது வேண்டும். ஆனால் அந்தக் குறிப்பை அது ஃபைல் வாரியாக வைத்திருந்ததால், தூரத்தில் இருக்கும் இரண்டு பிராஞ்சுகளை ஒப்பிட வரலாற்றை நெடுக நடந்து பார்த்துவிட்டுத்தான் வரும். கமிட் வாரியாகச் சேமிக்கும் முறையும், ரஸ்ட் மொழியில் எழுதிய வேகமான பகுதியும் அதற்கு வருவதற்குள் நாங்கள் கிட்டுக்கு மாறிவிட்டிருந்தோம். வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் கிட் மட்டுமே படித்துவிட்டு வருகிறார்கள், வேறு காரணம் இல்லை.

மெர்க்குரியலில் இன்னொரு சங்கடம், யாராவது விண்டோஸில் ஃபைலை இழுத்துப்போட்டுப் பெயர் மாற்றிவிட்டு 'எச்ஜி மூவ்' கொடுக்காமல் விடுவது. கமிட் செய்வதற்குள் கவனித்தால் 'ஆட்ரிமூவ்' கட்டளையில் ஒற்றுமை அளவு கொடுத்துச் சரிசெய்யலாம். கமிட் ஆகி எல்லாருக்கும் போய்விட்டால் அந்த ஓட்டை அப்படியேதான். கிட்டில் எதையும் எழுதி வைக்காததால் பழைய கமிட்டுக்கும் புதுக் கணக்கே பொருந்துகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய பெயர் மாற்றத்தைக்கூட இன்றைய முறையில் இன்றைய வேகத்தில் தேடுகிறது. ரிப்போவில் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, கிட்டை மட்டும் புதுப்பித்தோம். எழுதி வைக்காதது சோம்பேறித்தனம் என்று ஒரு காலத்தில் வாதாடிய எனக்கு இப்போது அந்த வாதத்தில் பிடிப்பு இல்லை, நகல் ஒன்றைத் தவிர.

தேடும் வேலை மெர்ஜ் ஓடும் மெஷினில் நடப்பதால், அந்த மெஷினில் உள்ள பதிப்புதான் கணக்கு. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 போட்டிருந்தால் கிட் 2.34 கூடவே வந்துவிடும். 20.04இல் வருவது 2.25, அதில் புது மெர்ஜ் முறை கிடையாது. திருமங்கலத்தில் இருப்பவரின் லேப்டாப் இன்னும் 20.04தான், மாற்றப் பயப்படுகிறார். அதனால் பெரிய அடுக்கு மாற்றம் நடந்த வாரங்களில் அவர் தன் பிராஞ்சை அப்படியே புஷ் செய்து (அனுப்பி) விடுகிறார், மெர்ஜை சிம்மக்கல்லில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.