ஒரு காதில் இம்ப்ளான்ட், இன்னொரு காதில் மெஷின்: சேர்த்துப் போடலாமா?

மற்ற காதில் கொஞ்சமாவது கேட்கும் திறன் மிச்சம் இருந்தால், தாராளமாகப் போடுங்கள். எனக்கு வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையில் உள்காதில் எலக்ட்ரோடுகளை வைத்து, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி), இடது காதில் மெஷின், அதாவது சத்தத்தைப் பெரிதாக்கும் ஹியரிங் எய்டு.

இம்ப்ளான்டில் பேச்சு தெளிவாகப் புரிகிறது. ச, ஸ, ஷ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. ஆனால் குரலில் கனமே இல்லை. அக்காவும் அவள் மகனும் ஒரே தகரக் குரலில் பேசுகிறார்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோடுகள், கம்பெனியைப் பொறுத்து, 12 முதல் 22 வரைதான். சுருதியின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட அது போதாது. இடது காதில் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை; தாழ்ந்த சுருதி ஒலிகள் மட்டும்தான் கேட்கும். அந்த மெஷினை மட்டும் போட்டால் பேசுவது அக்கா என்று தெரியும், என்ன சொல்கிறாள் என்பதுதான் பிடிபடாது. இரண்டையும் போட்டதும் வார்த்தையும் புரிகிறது, ஆளும் தெரிகிறது. பாட்டில் தாளத்துக்கு மேல் மெட்டும் கேட்கிறது.

எரிச்சல் எங்கே என்றால், ட்யூனிங்கில். இம்ப்ளான்டுக்கு மேப்பிங் (ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு தூண்டல் என்று அமைப்பது) செய்பவர் ஒருவர், மெஷினைச் சரிசெய்பவர் இன்னொருவர். "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு" என்று இருவருமே சொன்னார்கள். எனக்கோ, எதிரே உட்கார்ந்து பேசுபவரின் குரலும் வலது பக்கத்திலிருந்தே வந்தது! கடைசியில் ஓர் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒரே சத்தத்தை இரண்டு காதுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எது பெரிதாகக் கேட்கிறது என்று கேட்டுக் கேட்டு அளவைச் சமன்செய்தார். அதற்கப்புறம்தான் குரல் நடுவுக்கு வந்தது. இதை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

பின்னால் ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் என்பதில் இன்னும் குழப்பம்தான். இரு கருவிகளும் சத்தத்தைக் கையாள எடுக்கும் நேரத்தில் சில மில்லிசெகண்ட் வித்தியாசம் இருப்பது இதற்கு ஒரு காரணம். சில பிராசஸர்களில் (இம்ப்ளான்டின் வெளியே மாட்டும் பகுதி) அதைச் சரிக்கட்டும் வசதி இருக்கிறது.

ஃபோன் அழைப்பு இரண்டு காதிலும் ஒன்றாகக் கேட்க வேண்டுமா? காக்ளியர் என்ற இம்ப்ளான்ட் நிறுவனத்தின் பிராசஸருக்கு ரீசவுண்ட் மெஷின், அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் நிறுவனத்தின் பிராசஸருக்கு ஃபோனாக் மெஷின். அதிலும் எந்த மாடலுக்கு எந்த மாடல் பொருந்தும் என்று பார்த்துதான் வாங்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் இம்ப்ளான்டைப் புதிதாக ஸ்விட்ச் ஆன் செய்தவர்கள் தினமும் கொஞ்ச நேரமாவது மெஷினைக் கழற்றிவிட்டு இம்ப்ளான்டில் மட்டும் கேட்டுப் பழகுங்கள். இல்லாவிட்டால் மெஷின் போட்ட பழைய காதே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும்.