சிறுமலை ஓடைவழி ட்ரெக்கிங்: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"சிறுமலை ஓடைவழி ட்ரெக்கிங், நடந்து மட்டுமே போகக்கூடிய இடத்தில் கூடார இரவு, வனத்துறை அனுமதியுடன்" என்று ஒரு விளம்பரம் மதுரை வாட்ஸப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைக்கு 2,800 ரூபாய். செப்டம்பரில் நாங்கள் குடும்பமாக அதில் போய்வந்தோம். நடத்துபவர்களின் பெயர் நாங்கள் கொடுத்த புகாரில் இருக்கிறது, இங்கே எழுதவில்லை. தீபாவளி விடுமுறைக்கு அதே ஓடையில் அடுத்த குழுவை ஏற்றப்போவதாகப் புது விளம்பரம் வந்திருக்கிறது. அதனால்தான் அவசரமாக இந்தப் பதிவு.

பணம் அனுப்பும் முன்பே எல்லாவற்றையும் கேட்டேன். அனுமதி யார் பெயரில் இருக்கிறது, வழிகாட்டி யார், சித்தப்பாவுக்கு 58 வயது, அவரால் ஏற முடியுமா. குரல்பதிவில் பதில் வந்தது: "சார், பெர்மிஷன் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம். பாதையை நல்லா வெட்டி வச்சிருக்கோம். மெதுவா நடந்தாலும் மூணு மணி நேரம்தான். நீங்க ஷூ மட்டும் போட்டு வாங்க." அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.

பாலமேட்டைத் தாண்டி, சாத்தையாறு அணைப் பக்கத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். பேசியவர் வரவில்லை. "மேலே வந்து சாப்பாடு ரெடி பண்ணணும்" என்று போனில் சொல்லிவிட்டார். எங்களோடு ஏற வந்தது இருபது வயதுகூட ஆகாத ஒரு தம்பி. கையில் ஒரு மழுங்கிய அருவாள், தோளில் துணி காயப்போடும் நைலான் கயிறு. பாறையில் ஏற்றி இறக்க அந்தக் கயிறுதானாம்.

முதல் அரை மணி நேரம் மாட்டுத்தடம், பரவாயில்லை. அப்புறம் ஓடைக்குள் இறங்கியதும் பாதையே இல்லை. இரண்டு பக்கமும் பாறைச்சுவர். நடுவில் ஆள் உயரப் பாறைகள், மேலெல்லாம் பாசி. பாறை இல்லாத இடமெல்லாம் உண்ணிச்செடி மண்டிக்கிடந்தது. குனிந்து, சில இடங்களில் தவழ்ந்துதான் போக முடிந்தது. இண்டு முள் சட்டையைப் பிடித்தால் முன்னால் இழுக்கக்கூடாது, பின்னால் வந்துதான் விடுவிக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்தது சித்தப்பா, வழிகாட்டி இல்லை. ஒரு வளைவில் காட்டுமாட்டுச் சாணம், ஆவி அடங்காமல் கிடந்தது. சிறுமலையில் காட்டுமாடு உண்டு என்பது ஊருக்கே தெரியும். அந்த இடுக்கில் ஒன்று எதிரே வந்தால் ஒதுங்க இடம் கிடையாது.

மதியம் தாண்டியும் பாதிகூட ஏறவில்லை. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "அண்ணே, நான் விறகுக்கு இதுவரைக்கும் வந்திருக்கேன். மேல போனதில்லண்ணே. நேத்துதான் போன் பண்ணிக் கூப்பிட்டாங்க. ஐநூறு ரூவா தாரோம்னாங்க" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

சற்று மேலே போனதும் சித்தப்பாவின் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே போய்த் திருகிக்கொண்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் ஒரு பேண்டேஜ் உருளையும் காலி ஸ்ப்ரே டப்பாவும் இருந்தன. போன் சிக்னல் கிடையாது. மச்சானும் நானும் மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டு, இருட்டுகிற நேரத்தில் மேலே சேர்ந்தோம்.

அங்கே போய்ப் பார்த்தால், நடந்து மட்டுமே போகக்கூடிய இடம் என்று விற்றது ஒரு தனியார் தோட்டம். காப்பியும் மலைவாழையும் போட்டிருந்தார்கள். அதன் வாசல்வரை மண்ரோடு வருகிறது, ஓரத்தில் ஜீப் நிற்கிறது. நடத்துபவர் திண்டுக்கல் பக்கமிருந்து தார்ரோட்டில் ஏறி, பரோட்டா பொட்டலங்களோடு அந்த ஜீப்பில்தான் வந்திருந்தார். இரண்டு பேர் படுக்கும் கூடாரத்தில் நான்கு பேர். கழிப்பறை என்று சொன்னது தோட்டத்தின் பின்பக்கம். குடிதண்ணீர் என்று காட்டிய தொட்டியில் பாசி மிதந்தது. சித்தப்பாவின் கால் வீங்கிப்போய்க் கிடக்க, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பைக் கேட்டோம். "எமர்ஜென்சி பேக்கேஜ்ல வராது சார், மூவாயிரம் ஆகும்" என்றார். வலியில் முனகிக்கொண்டிருக்கும் மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். பணத்தைக் கொடுத்துத்தான் இறங்கினோம்.

இதைவிடப் பெரிய மோசடி காலையில்தான் வெளியே வந்தது. இரவு தோட்டத்திலேயே தங்கிவிட்ட எங்கள் வீட்டு ஆட்களிடம் வனத்துறை ஊழியர்கள் வந்து, "யாரு உங்களை அந்த ஓடையில ஏறச் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் எங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த அனுமதிக் கடிதத்தைப் போனில் காட்டியிருக்கிறார். வனவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினாராம். மேலே ந.க.எண்ணில், அதாவது அலுவலகக் கோப்பு எண்ணில், ஆண்டு 2022. கீழே தேதி மட்டும் இந்த ஆண்டு, அதுவும் வேறு எழுத்துருவில். எப்போதோ ஒரு கல்லூரி முகாமுக்குக் கொடுத்த கடிதத்தில் தேதியை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இதற்குள் நடத்துபவர் ஜீப்போடு கிளம்பிவிட்டார். அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச்சட்டம் 1882-இன்படி குற்றம். நல்லவேளை, நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு எங்கள் ஆட்களை விட்டுவிட்டார்கள்.

தங்கும் தோட்டம் பட்டா நிலம், அங்கே தங்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஆனால் அதற்கு ஏறும் ஓடை காப்புக்காடு. "எங்களிடம் அனுமதி இருக்கிறது" என்று யார் சொன்னாலும், தங்குவதற்கா நடப்பதற்கா என்று பிரித்துக் கேளுங்கள். கடிதத்தின் ந.க.எண்ணையும் தேதியையும் வனச்சரக அலுவலகத்துக்கு போன் போட்டு ஒத்துப்பாருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ட்ரெக்கிங் போய்க் காட்டுத்தீயில் வெந்தவர்களில் பலரை நம் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டில்தான் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு வைத்து, அந்தந்தக் காட்டோரத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டியாகப் போட்டிருக்கிறது. மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு முறையான வழி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும் அக்கா மகளுக்குத் திரும்பி வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல். டாக்டர் உடம்பெல்லாம் தேடி, முழங்காலுக்குப் பின்னால் கறுத்த பொருக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். உண்ணிக் காய்ச்சல். புதர்க்காட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்துச் சரியாகிவிட்டது. இப்படிப் புதருக்குள் போய்வந்த யாருக்காவது பின்னால் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தீபாவளி விளம்பரம்தான் எனக்குப் பெரிய பயம். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்தப் பக்கத்து ஓடைகளெல்லாம் சிறுமலைத் தண்ணீரைச் சாத்தையாற்றுக்கு இறக்குபவை. மேலே கொட்டும் மழை கீழே தெரியாது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே ஓடையில் செந்தண்ணீரும் சருகும் வரத் தொடங்கும், பின்னாலேயே வெள்ளம். அந்தப் பாறை இடுக்கில் ஏறித் தப்பிக்கப் பல இடங்களில் கைப்பிடிகூடக் கிடையாது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது கோடையில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னவர்கள் இப்போது எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். 1915 என்ற எண்ணுக்கு போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தாயிற்று. வனத்துறைக்கும் போலிக் கடிதத்தோடு எழுதியிருக்கிறோம். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டால் போதும். தீபாவளிக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் இருந்தால், யுபிஐ ரசீதையும் குரல்பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். அவர்கள் அனுப்பிய அனுமதிக் கடிதத்தின் படத்தை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், எங்களுடையதோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.