ஆன் ஆகாத கம்ப்யூட்டருக்கு ‘போர்டு போச்சு’ என்றார்கள்: கிருஷ்ணகிரி பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் டெஸ்க்டாப் வைத்துப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். ஆன் ஆகாத சிபியுவை சர்வீஸுக்குக் கொடுத்ததில் என் தங்கைக்குப் பணமும் போனது, உள்ளே இருந்த நல்ல பாகங்களும் போயின.

தங்கை காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தபடியே ஹார்டுவேர் கடை, துணிக்கடைகளுக்கு டேலியும் ஜிஎஸ்டியும் பார்த்துக் கொடுக்கிறாள். கோடை மழையில் ஒருநாள் ராத்திரி முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. காலையில் சிபியு ஆன் ஆகவில்லை. பட்டனை அமுக்கினால் ஃபேன் ஒரு உதறு உதறிவிட்டு நின்றுவிடும். 20ஆம் தேதிக்குள் ஒவ்வொரு கடைக்கும் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைப் போட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அந்த அவசரத்தில் கிருஷ்ணகிரி டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவள் முன்னால் பெட்டியைத் திறக்கவே இல்லை. “வச்சுட்டுப் போங்கக்கா, பாத்துட்டு சொல்றோம்” என்றார்கள். சாயங்காலம் போன் வந்தது. “போர்டு ஷார்ட் ஆயிடுச்சுங்க. இந்த மாடல் இப்ப வர்றதில்ல, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல சொல்லித்தான் வரவைக்கணும். 7,500 ஆகும், சர்வீஸ் சார்ஜ் தனி.” போர்டு என்றால் மதர்போர்டு, உள்ளே எல்லா பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, சரி என்றாள். வாங்கப் போனபோது பில் கேட்டிருக்கிறாள். “பில் போட்டா 18 பர்சென்ட் சேரும்ங்க” என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பழைய போர்டைக் கேட்டதற்கு, ஸ்கிராப்பில் போட்டாயிற்று என்றார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் மறுபடி அதே கதை. பட்டனை அமுக்கினால் உதறல், அப்புறம் ஒன்றுமில்லை.

இந்த முறை ஓசூரில் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கும் எங்கள் மாமா பையனைக் கூப்பிட்டோம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் அவன் முகமே மாறிவிட்டது. 7,500 ரூபாய் போர்டு ஏற்கனவே யாரோ ஓட்டியது போலிருந்தது, தூசி இறுகிப் படிந்திருந்தது. ராம் (மெமரி) மாட்டும் ஸ்லாட்டின் ஒரு பக்கக் கிளிப் உடைந்திருந்தது. பிராசஸர் பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது. கேபினட்டின் பின்பக்கம், கேபிள் சொருகும் போர்ட்டுகளைச் சுற்றி இருக்க வேண்டிய தகடே இல்லை. பழைய தகடு இந்த போர்டுக்குப் பொருந்தாததால் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டையாகவே விட்டிருக்கிறார்கள்.

பிறகு வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தான். எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியிலிருந்து போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஊதா ஒயர் ஒன்று இருக்கும். சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் அதில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஏற்ற இறக்கம் 5 சதவீதம்தான் அனுமதி, அதாவது 4.75க்குக் குறையக் கூடாது. இதில் 4 வோல்ட் கூட வரவில்லை. நாம் பவர் பட்டனை அமுக்கும்போது போர்டு அந்த மின்சாரத்தில்தான் விழித்துக்கொண்டு, பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கிளப்புகிறது. அது பலவீனமாக இருந்தால் ஃபேன் உதறிவிட்டு நிற்கும். 1,400 ரூபாய்க்குப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்டோம், உடனே ஆன் ஆகிவிட்டது.

ஆன் ஆன பிறகுதான் அடுத்த அதிர்ச்சி. 8 ஜிபி ராம் இருந்த இடத்தில் 4 ஜிபி காட்டியது.

நல்லவேளையாக பழைய போர்டின் அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. அதன் மேல் சீரியல் எண் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பெட்டியோடு நானும் தங்கையும் கடைக்குப் போனோம். ஸ்கிராப்புக்குப் போனதாகச் சொன்ன போர்டு, அவர்கள் அலமாரியிலேயே இன்னொருவருக்குப் போடத் தயாராக இருந்தது. சீரியல் எண்ணைக் காட்டியதும் வாய் அடைத்துப்போய் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதையே மாட்டினோம், எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஷார்ட் ஆனதாகச் சொன்ன போர்டு அது! ராமுக்கு மட்டும், “நீங்க குடுத்தப்பவே நாலுதான்” என்று சாதித்துவிட்டார்கள். பணத்தையும் திருப்பித் தரவில்லை. மாதம் முழுக்கக் கண் எரிய உட்கார்ந்து அவள் சம்பாதிக்கும் காசு அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களுக்கு இப்படி நடக்காமல் இருக்க, கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் வீட்டிலேயே சிலதைப் பாருங்கள். சிபியு ஒயரை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி நேராகச் சுவரில் மாட்டுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ்ஸாலேயே பல வீடுகளில் சிபியு ஆன் ஆகாமல் போகும். மானிட்டருக்குப் போகும் பவர் கேபிள் பெரும்பாலும் சிபியு கேபிள் மாதிரியேதான் இருக்கும், மாற்றி மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும், வீடு பெருக்கும்போது கை பட்டு அது ஆஃப் ஆகியிருக்கலாம். ஃபேன் ஓடியும் திரையில் ஒன்றும் வராவிட்டால், ஒயரைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை அழிரப்பரால் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். ஒயரைக் கழற்றிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைக்குப் போவது என்று ஆகிவிட்டால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஆன் ஆகாத மெஷினைச் சோதிக்க அது தேவையே இல்லை. உங்கள் பாஸ்வேர்டும் வாடிக்கையாளர்களின் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. மூடியைத் திறந்து போர்டு, ராம் ஸ்டிக்கர்களை சீரியல் எண் தெரியும்படி போட்டோ எடுத்து, அந்த எண்களைக் கடைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். போர்டு போச்சு என்று சொன்னால், வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டு உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, அதைச் செய்ய மறுக்கும் கடையில் மெஷினை விடாதீர்கள்.

பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவும் தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடம் வரை மனு கொடுக்கலாம். போன வருடம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எது இருந்தாலும் அழிக்காமல் எடுத்து வையுங்கள்.