2,350 டொலர் போச்சு: பேஸ்மென்ட்டில் பியர் காய்ச்சத் தண்ணிக் குழாய் போடப்போகிறவர்களுக்கு

கோபம் ஆறுமுன் எழுதிவிட வேண்டும். ஆறினால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். குழாய் போட ஆள் அனுப்பிய ஆப்காரர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். 2,350 டொலர், வரியோடு சேர்த்து. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் மூலையில் ஒரு குழாயும் ஒரு ஃபில்டரும் போட்டதற்கு. இரண்டுமே இப்போது பாவிக்காமல் அடைத்துக் கிடக்கின்றன.

முதலில் ஒன்று. கனடாவில் வீட்டுப் பாவனைக்கு பியர் காய்ச்சுவது சட்டப்படி சரி, விற்கத்தான் கூடாது. அதனால் "உமக்கு ஏன் இந்த வேலை" என்று புத்தி சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். காய்ச்சுகிறவர்களுக்கு என் பிரச்சினை சொல்லாமலே விளங்கும். 23 லீற்றர் பியருக்கு, தானியத்திலிருந்து தொடங்கினால், 35 லீற்றர் அளவில் தண்ணி வேண்டும். கொதித்த பிறகு செப்புச் சுருளை உள்ளே விட்டு, அதற்குள் குளிர்தண்ணி ஓடவிட்டு ஆறவைக்க அதைவிடக் கூடவே ஓடும். கழுவுகிற தண்ணி தனி. குசினியிலிருந்து வாளி வாளியாகப் படி இறக்கி எனக்கு முதுகு போய்விட்டது. வெளிக்குழாயில் ஹோஸ் போடலாம் என்றால் இங்கே பாதி வருடம் அது உறைபனிக்காக அடைத்துக் கிடக்கும். ஆகவே சலவை மெஷினுக்குப் போகும் குளிர்தண்ணிக் குழாயில் ஒரு கிளை, அதில் ஒரு வால்வு, ஒரு ஃபில்டர், பானை வாய்க்கு எட்டுகிற உயரத்தில் ஒரு குழாய். நான் கேட்டது இவ்வளவுதான்.

ஃபில்டர் ஏன் என்றால், ரொறன்ரோத் தண்ணியில் இருப்பது வெறும் குளோரின் இல்லை, குளோரமைன். ஒன்ராறியோ ஏரித் தண்ணியை நகரத்தின் நான்கு நிலையங்களில் சுத்தம் செய்து, வழியில் கிருமி நாசினி தீர்ந்துபோகாமல் இருக்க குளோரினோடு அமோனியாவும் சேர்த்து அனுப்புகிறார்கள். குடிக்க ஒரு கெடுதியும் இல்லை, நல்ல தண்ணி. ஆனால் பியருக்குள் போனால் மோல்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த பார்லியில்) இருக்கும் ஃபீனோல்களோடு சேர்ந்து குளோரோஃபீனோல் என்ற மருந்து மணப் பொருள் ஆகும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வெறும் குளோரினை ஓர் இரவு திறந்து வைத்தோ கொதிக்கவைத்தோ போக்கிவிடலாம். குளோரமைன் அப்படி லேசில் போகாது.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப்களில் ஒன்றில்தான் பதிந்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. வழக்கு, வக்கீல் கடிதம் எல்லாம் எனக்கு வேண்டாம். "சரிபார்க்கப்பட்ட தொழிலாளர்கள்" என்று நீல அடையாளம் போட்டு, காசை முழுதாகத் தாங்களே முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் வகை. ஃபில்டரும் அவர்களே தருவார்கள், ஆளும் அவர்களே.

வந்தவர் தமிழ் ஆள். சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு இறங்கினார். பானையையும் சுருளையும் பார்த்தவுடன், "அண்ணை, நீங்கள் கிட் வாங்கிக் காய்ச்சுற ஆள் இல்லை, முழுத்தானியம் போல கிடக்கு" என்றார். எனக்கு அதிலேயே பாதி மனம் இறங்கிவிட்டது. பிறகு நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "உங்கட தண்ணியில குளோரின் இல்லை அண்ணை, குளோரமைன். சாதாரண ஃபில்டர் சரிவராது. கேட்டலிட்டிக் கார்பன்தான் போட வேணும். விலை கொஞ்சம் கூடத்தான் வரும்." குளோரமைன் என்ற சொல்லைக் கடைகளில் நிற்கிற பெடியங்களுக்கு நான் எத்தனை தரம் விளக்கியிருப்பேன்! இந்த மனுசன் தானாகச் சொல்கிறார். 2,350 டொலர் என்று ஆப்பில் தொகை வந்தபோது நான் பேரம்கூடப் பேசவில்லை.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்து காட்டினார். அதைத்தான் நான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஃபில்டரிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணி பிடித்து, பையிலிருந்து ஒரு காகிதப் பட்டியை எடுத்துத் தோய்த்தார். நிறம் மாறவில்லை. "பாருங்கோ அண்ணை, ஒரு துளி இல்லை. இனி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை." அந்தக் கிளாஸையும் பட்டியையும் படம் எடுத்து ஆப்பில் ஏற்றினார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தத் தண்ணியில் காய்ச்சிய முதல் பியர் நொதித்து முடிந்து, மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி மணம். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைப் பிரித்து மூக்கில் வைத்தது போல. ஈஸ்ட்டோ, பானை கழுவியது சரியில்லையோ என்று யோசித்தேன். அடுத்ததும் அதே மணம். ஒவ்வொன்றும் 23 லீற்றர், கான் வழியே போனது. பிறகுதான் நீச்சல் தடாகச் சாமான் விற்கும் கடையில் பட்டி வாங்கி வந்து பார்த்தேன்.

அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஃப்ரீ குளோரின் காட்டும், மற்றது டோட்டல் குளோரின் காட்டும். குளோரமைன் இரண்டாவதில்தான் தெரியும். அந்த ஆள் காட்டியது முதலாவது. அதே வகைப் பட்டியை ஃபில்டர் இல்லாத குசினிக் குழாயில் தோய்த்துப் பார்த்தேன். அங்கேயும் நிறம் மாறவில்லை! எங்கள் தண்ணியில் ஃப்ரீ குளோரின் இருந்தால்தானே மாறுவதற்கு. டோட்டல் பட்டியைத் தோய்த்தால் குசினித் தண்ணியும் ஃபில்டர் தண்ணியும் ஒரே நிறம். குளோரமைன் என்ற சொல் தெரிந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் அந்தப் பட்டியைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

ஃபில்டர் கூட்டைத் திறந்தேன். உள்ளே சாதாரண 10 அங்குலக் கார்பன் கார்ட்ரிஜ். அதன் உறையிலேயே குளோரின் சுவை, மணம் குறைக்கும் என்று மட்டும்தான் அச்சடித்திருக்கிறது, குளோரமைன் பற்றி ஓர் எழுத்து இல்லை. இப்படிப்பட்ட கார்பனில் குளோரமைன் பிடிபட வேண்டுமானால் தண்ணி மிக மெதுவாகப் போக வேண்டும். பானை நிரப்புகிற வேகத்தில் திறந்தால் அது நேரே கடந்து வந்துவிடும்.

குழாய் வேலையைப் பார்க்க வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டேன். உரிமம் உள்ளவர், அதிகம் பேசாதவர். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு. குழாயை வெட்டி T வடிவ இணைப்பு வைத்து வால்வு போடவில்லை. சேடில் வால்வு, அதாவது செப்புக் குழாயைச் சுற்றிக் கவ்வி ஊசியால் துளைக்கிற மலிவுச் சாமான். அதன் ரப்பர் காய்ந்தால் ஒழுகும். ஏற்கெனவே அடியில் பச்சை பிடித்துக் கசியத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே என் மோல்ட் மூட்டை. பானைக்குப் போகும் ஹோஸோ தோட்டத்துக்குத் தண்ணி விடுகிற வகை, குடிதண்ணிக்கு ஆனதே இல்லை. தண்ணி திரும்பி உறிஞ்சாமல் தடுக்கிற வால்வும் இல்லை. ஹோஸ் நுனி பானைக்குள் அமிழ்ந்து கிடக்கும்போது தெருக் குழாயில் அழுத்தம் விழுந்தால், பானையில் இருப்பது வீட்டுக் குடிதண்ணிக்குள் போகும். என் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி ஆப்காரரின் கதை. முதலில் அரட்டைப் பெட்டியில் ஒரு இயந்திரம்: "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." பிறகு ஒரு பெண் குரல்: வேலை செய்தவர் எங்கள் ஊழியர் இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர். சரி, ஃபில்டர் நீங்கள் தந்ததுதானே? அதற்கு அதைச் செய்த கம்பனியின் உத்தரவாதம் உண்டு, கம்பனியைக் கேளுங்கள். கம்பனியைக் கேட்டால், பொருளில் பழுது இல்லை, அது செய்ய வேண்டியதைச் செய்கிறது, குளோரமைன் எடுக்கும் என்று நாங்கள் எங்கே சொன்னோம்? இதில் அவர்கள் சொல்வது உண்மை. அந்த ஆளுக்கு எடுத்தால், "அண்ணை, ஆப் தந்த சாமானைத்தான் நான் பூட்டினனான். நாளைக்கு வாறன்." அந்த நாளை வரவேயில்லை, பிறகு ஃபோனும் எடுக்கவில்லை. மறுபடி ஆப்புக்கு எழுதினால் வேறொரு பெயரில் வேறொருவர் முதலிலிருந்து கதை கேட்கிறார். கடைசியாக வந்தது அடுத்த வேலைக்கு 50 டொலர் கழிவுக் கூப்பன். 2,350 டொலருக்கு 50 டொலர் கூப்பன், அதுவும் அவர்களிடமே செலவழிக்க.

கிரெடிட் கார்ட் வழியாகவும் முறையிட்டேன். நிராகரித்துவிட்டார்கள். வேலை முடிந்ததற்கு ஆப் ஆதாரம் கொடுத்திருக்கிறதாம். என்ன ஆதாரம்? அந்தக் கிளாஸும் நிறம் மாறாத பட்டியும் இருக்கிற படம். இரண்டாம் பிளம்பரின் அறிக்கையோடு மறுபடி எழுதியிருக்கிறேன்.

விவரமாக ஆலோசனை எழுத இருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. குளோரமைனுக்கு ஃபில்டரே வேண்டாம். காம்ப்டன் மாத்திரை (பியர், வைன் காய்ச்சுகிறவர்கள் பாவிக்கிற சல்ஃபைட் மாத்திரை) ஒன்றை நசுக்கிப் போட்டால் 75 லீற்றர் தண்ணிக்குக் காணும், சில நிமிடத்தில் வேலை முடியும், சில சதம்தான் விலை. அது அந்த ஆளுக்கும் தெரிந்திருக்கும். குழாய்க்கு ஆள் எடுத்தால் ஆப்பின் நீல அடையாளத்தைப் பார்க்காதீர்கள். ஒன்ராறியோவில் பிளம்பர் உரிமம் கட்டாயம், அதைப் பதிகிற மாகாண அமைப்பான ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவின் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம். சேடில் வால்வைக் கையில் எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஹோஸ் குடிதண்ணிக்கானதா என்று அதிலேயே அச்சு இருக்கும். வீட்டுக் கதவைத் தட்டி வாட்டர் ஃபில்டர் விற்பது இங்கே 2018 மார்ச் 1 முதல் தடை. ஆனால் நாமாகவே ஆப்பில் கூப்பிட்டால் அந்தத் தடை நம்மைக் காப்பாற்றாது. அப்புறம், யாராவது பட்டி தோய்த்துக் காட்டினால், அதே பட்டியை உங்கள் கண்முன்னே குசினிக் குழாய்த் தண்ணியிலும் தோய்க்கச் சொல்லுங்கள்.