எச்சில், உமிழ்நீர், ஊறுதல்: தமிழ் லெக்சிகன் இணையப் பதிப்பில் தேடியபோது

'சாலிவேட்' என்ற ஆங்கில வினைக்குத் தமிழ் பார்க்க, கைப்பேசியில் இருந்த ஒரு அகராதிச் செயலியைத் திறந்தேன். 'உமிழ்நீர் சுரத்தல்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டது. தப்பில்லை, ஆனால் எனக்குப் போதவில்லை. அப்புறம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் போனேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே தட்டித் தேடலாம்.

அங்கே சொல் சொல்லாகப் பார்த்துக்கொண்டு போனால் நேரம் போவதே தெரியாது. எச்சில் என்பது எஞ்சு என்ற வினையோடு சேர்ந்த சொல், அதாவது மிச்சம். தின்று மிஞ்சியதும் எச்சில், வாய் பட்டதும் எச்சில், வாயிலிருக்கும் நீருக்கும் அதே பெயர். உமிழ்நீர் என்றால் துப்புகிற நீர். இரண்டும் வெளியே வந்ததை வைத்துச் சூட்டிய பெயர்கள். சுரத்தல் பொதுச்சொல், பாலும் சுரக்கும். நாக்கடியில் அது மெல்லக் கசிந்து நிறைகிறதே, அதைப் பேச்சில் நாம் ஊறுகிறது என்றுதான் சொல்கிறோம். கிணற்றில் நீர் வருவதற்கும் இதே வினை, ஊற்று என்பதும் இதிலிருந்துதான். 396ஆம் குறளில் மணற்கேணி ஊறுகிறது, அறிவும் ஊறுகிறது. 1121இல் 'வாலெயிறு ஊறிய நீர்', அதாவது காதலியின் வெண்பற்களிடையே ஊறிய நீர், பாலும் தேனும் கலந்தது போல் இனிக்கிறது. அந்த இடத்தில் எச்சில் என்று போட்டுப் படித்துப் பாருங்கள், குறளே கெட்டுவிடும்!

அதே தளத்தில் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இருக்கிறது, அதையும் கூடவே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வினை நம்மோடு நிற்கவில்லை, தெலுங்கில் நோரூரு, கன்னடத்தில் பாயல்லி நீரூரு, மலையாளத்தில் வாயில் வெள்ளமூறுக என்று நான்கு மொழியிலும் வாய் ஊறத்தான் செய்கிறது. ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. லத்தீன் 'சலிவா'விலிருந்து வந்த அந்த வினை, 17ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் பாதரசம் கொடுத்து நோயாளிக்கு எச்சில் ஒழுக வைத்ததைக் குறித்தது.

சரி, பயன்படுத்தும்போது ஒன்று கவனியுங்கள். 'ஊறியது' என்று தட்டாமல் 'ஊறு' என்று தட்டுங்கள். துன்பம், தொடுவுணர்வு என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் 'ஊறு'வும் பக்கத்திலேயே நிற்கும். அது 'உறு' என்பதிலிருந்து வந்தது, ஆகவே 'தல்' சேர்ந்த பதிவைத்தான் நீங்கள் திறக்க வேண்டும்.